கவுன்சில் பள்ளி சீட்டுகளை எப்படிக் கணக்குப் போடுகிறது? இங்கிலாந்தில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு ஓர் அறிமுகம்

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 16 வந்தால் போதும், ஹாரோ, ஈஸ்ட்ஹாம், டூட்டிங் பக்கத்துத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே புலம்பல்தான். ஆரம்பப் பள்ளி அட்மிஷன் முடிவு வரும் நாள் அது. "பள்ளிக்கூடம் எங்கள் ஜன்னலிலிருந்தே தெரிகிறது, பிள்ளைக்கு ஒரு மைல் தள்ளி சீட் போட்டிருக்கிறார்கள், யாரிடம் போய்க் கேட்பது?" என்று ஒருவர் எழுதுவார். அதே வாரத்தில் இன்னொருவர் வேறொரு செய்தியைப் பகிர்வார்: பிள்ளைகள் போதவில்லை என்று லண்டனில் இன்னொரு பள்ளியை மூடப்போகிறார்களாம். ஒரு பக்கம் இடம் இல்லை, இன்னொரு பக்கம் ஆள் இல்லை, இரண்டும் ஒரே ஊரில், சில சமயம் ஒரே கவுன்சிலுக்குள். இது எப்படி என்று புரிய வேண்டுமென்றால் கவுன்சில் பள்ளி இடங்களைத் திட்டமிடும் விதம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான் வரும். இங்கிலாந்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளியில் இடம் இருக்கிறதா என்பதற்குச் சட்டப்படி கவுன்சில்தான் பொறுப்பு, ஆனால் அந்தப் பொறுப்பை நிறைவேற்றக் கையில் இருந்த அதிகாரத்தில் பெரும்பகுதி கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் கைவிட்டுப் போய்விட்டது. அதனால் இன்றைய திட்டமிடல் என்பது பாதி எண்ணிக்கை, பாதி கெஞ்சல்.

சட்டம் என்ன சொல்கிறது? 1996-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், 14-வது பிரிவு: தன் பகுதியில் போதுமான பள்ளிகள் இருப்பதைக் கவுன்சில் உறுதிசெய்ய வேண்டும். போதுமான என்றால் எண்ணிக்கையில் மட்டுமில்லை, தன்மையிலும் வசதியிலும். அதே சட்டத்தின் 13ஏ பிரிவு, கல்வித் தரத்தை உயர்த்தும் கடமையையும் கவுன்சில் தலையில் வைக்கிறது. ஆக வேலை இரண்டு: சீட் இருக்க வேண்டும், உட்கார்ந்த பிள்ளை உருப்படியாகப் படிக்க வேண்டும். இந்தக் கடமை உள்ள கவுன்சில்கள் இங்கிலாந்தில் 153 இருக்கின்றன. வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்துக்குத் தனிச் சட்டங்கள், அங்கே கதை வேறு. 

எண்ணிக்கை எங்கே தொடங்குகிறது

பிரசவ வார்டில். ஒரு பிள்ளை நான்கு வயது முடிந்த பிறகு வரும் செப்டம்பரில் ரிசப்ஷன் என்ற முதல் வகுப்பில் சேர்கிறது. அதாவது இன்று பிறந்த குழந்தைக்கு சீட் தேவைப்பட இன்னும் நான்கு ஆண்டுக்கு மேல் இருக்கிறது, மேல்நிலைப் பள்ளிக்கு, அதாவது இயர் 7-க்கு, பதினொரு ஆண்டு. திட்டம் போடுபவருக்கு இது ஒரு வரப்பிரசாதம் என்று தோன்றும். நான்கு ஆண்டு முன்னறிவிப்போடு வேறு எந்தத் துறைக்கு வாடிக்கையாளர் வருகிறார்?

ஆனால் பிறந்த பிள்ளை எல்லாம் அதே ஊரில் இருப்பதில்லை. கவுன்சில் தன் நிலப்பரப்பைத் திட்டப் பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கும், பல வார்டுகள் சேர்ந்து ஒரு பகுதி. கணக்குக்காக ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். 2019-20 பள்ளி ஆண்டுக்குள் பிறந்த பிள்ளைகள் 400 பேர் என்று வையுங்கள். 2024 செப்டம்பரில் அந்தப் பகுதிப் பள்ளிகளின் ரிசப்ஷனில் வந்து சேர்ந்தவர்கள் 340 பேர் என்றால் விகிதம் 85 சதவீதம். மீதி அறுபது பேர் எங்கே? சிலர் வாடகை தாங்காமல் வெளியூர் போயிருப்பார்கள், சிலர் தனியார் பள்ளிக்கு, சிலர் எல்லை தாண்டி அடுத்த கவுன்சில் பள்ளிக்கு, சிலர் வீட்டிலேயே படிக்கிறார்கள், சிலர் நாட்டை விட்டே போயிருப்பார்கள். கடந்த மூன்று நான்கு ஆண்டு விகிதங்களின் சராசரியை எடுத்து, அடுத்தடுத்த ஆண்டுகளில் பிறந்தவர்களின் எண்ணிக்கையோடு பெருக்கினால் வருங்கால ரிசப்ஷன் எண்ணிக்கை. அப்புறம் ரிசப்ஷனிலிருந்து இயர் 1-க்கு எத்தனை பேர் போகிறார்கள், இயர் 1-லிருந்து இயர் 2-க்கு எத்தனை பேர் என்று படிப்படியாக மேலே ஏற்றிக்கொண்டே போவார்கள். அடிப்படைக் கணக்கு இவ்வளவுதான், எட்டாம் வகுப்புப் பெருக்கல் தெரிந்தால் போதும்.

இதன் மேல் புது வீடுகளின் கணக்கைச் சேர்க்க வேண்டும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஐந்நூறு ஃபிளாட் கட்டுகிறார்கள் என்றால் அதிலிருந்து எத்தனை பிள்ளைகள் வருவார்கள்? ஒரு படுக்கையறை வீட்டுக்குப் பெரும்பாலும் பூஜ்யம் என்றே போடுவார்கள், மூன்று நான்கு அறை வீடுகளுக்கு அதிகம், சமூக வாடகை வீடுகளுக்கு இன்னும் அதிகம். கட்டட நிறுவனத்திடம் பள்ளிச் செலவுக்கான பங்கை வாங்குவதற்கும் இந்தக் கணக்குத்தான் அடிப்படை. லண்டனில் பெரும்பாலான பரோக்களுக்கு, அதாவது லண்டன் கவுன்சில்களுக்கு, இந்தக் கணிப்பு வேலையைப் பெருநகர லண்டன் ஆணையமே செய்து கொடுக்கிறது. ஒரு கவுன்சில் எல்லையைத் தெருவின் நடுவே போட்டிருக்கும் ஊரில் தனித்தனியாகக் கணக்குப் போட்டால் ஒன்றுக்கும் உதவாது.

எல்லை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். "நாங்கள் இந்தக் கவுன்சிலுக்கு வரி கட்டுகிறோம், எங்களுக்குத்தானே முதல் உரிமை?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கிடையாது. 1989-இல் கிரீனிச் கவுன்சிலுக்கு எதிரான வழக்கில் வந்த தீர்ப்பின்படி, வெளிக் கவுன்சில் பிள்ளை என்பதற்காகவே ஒரு பிள்ளையைப் பின்னுக்குத் தள்ள முடியாது. உங்கள் வீட்டை விட எல்லைக்கு அந்தப்புறம் இருப்பவர் வீடு பள்ளிக்குப் பக்கத்தில் இருந்தால், தூரத்தை வைத்து சீட் தரும் பள்ளியில் அவருக்குத்தான் சீட்.

ஒவ்வோர் ஆண்டும் கவுன்சில் இந்தக் கணிப்பையும் பள்ளிகளின் கொள்ளளவையும் கல்வித் துறைக்கு அனுப்ப வேண்டும், ஆரம்பப் பள்ளிக்கு ஐந்து ஆண்டுக் கணிப்பு, மேல்நிலைப் பள்ளிக்கு ஏழு ஆண்டு. இந்த எண்களை வைத்துத்தான் புது இடங்கள் கட்டும் பணம் வருகிறது. குறைத்துச் சொன்னால் பணம் வராது, கூட்டிச் சொன்னால் காலிக் கட்டடம் நிற்கும்.

31-வது பிள்ளை

இப்போது ஜன்னலிலிருந்து தெரியும் பள்ளிக்கு வருவோம். ஒவ்வொரு பள்ளிக்கும் வெளியிடப்பட்ட சேர்க்கை எண் என்று ஒன்று உண்டு, இங்கே எல்லோரும் பி.ஏ.என். என்பார்கள். ரிசப்ஷனில் இத்தனை பேரைச் சேர்ப்போம் என்று முன்கூட்டியே அறிவித்த எண். பெரும்பாலும் 30, 60, 90 என்று முப்பதின் மடங்கில் இருக்கும், அதற்குக் காரணம் 1998-ஆம் ஆண்டுச் சட்டம். ரிசப்ஷன், இயர் 1, இயர் 2 ஆகிய மூன்று வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக் கூடாது. இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றுக்குக் கடைசி சீட் கிடைத்தால் மற்றதையும் சேர்க்கலாம் என்பது போன்ற சில விலக்குகள் உண்டு, மற்றபடி கறாரான விதி. அதனால்தான் இந்த வயதில் சீட் கேட்டு மேல்முறையீடு செய்தால் பெரும்பாலும் தோற்கிறார்கள். கவுன்சில் தூரத்தைத் தப்பாக அளந்தது, விதியைத் தப்பாகப் பயன்படுத்தியது என்று காட்டினால் ஒழிய, "என் பிள்ளைக்கு இந்தப் பள்ளி ரொம்பப் பிடிக்கும்" என்ற வாதத்துக்கு அங்கே மதிப்பில்லை.

முப்பது இடத்தை எப்படிப் பங்கிடுகிறார்கள்? சிறப்புக் கல்வித் திட்ட ஆவணத்தில் அந்தப் பள்ளியின் பெயர் இருக்கும் பிள்ளை, பிறகு அரசுப் பராமரிப்பில் உள்ள பிள்ளை, பிறகு பெரும்பாலான பள்ளிகளில் அண்ணன் அக்கா அங்கேயே படிக்கும் பிள்ளைகள், அதற்கப்புறம்தான் தூரம். கேட்ச்மென்ட் என்று, இதற்குள் இருந்தால் சீட் உண்டு எனும் ஒரு நிலையான கோடு இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள், வீட்டுத் தரகர்களும் அப்படித்தான் சொல்லி வீட்டை விற்கிறார்கள். பல பள்ளிகளில் அப்படி ஒரு கோடே கிடையாது. ஓர் ஆண்டு தம்பி தங்கைகள் இருபது பேர் வந்துவிட்டால் தூரத்துக்கு மிஞ்சுவது சொற்ப இடம், அந்த ஆண்டு முந்நூறு மீட்டருக்குள் இருப்பவருக்கு மட்டும்தான் சீட். அடுத்த ஆண்டு தம்பி தங்கைகள் குறைந்தால் எண்ணூறு மீட்டரில் இருப்பவருக்கும் கிடைக்கும்.

விண்ணப்பத்தில் லண்டனில் ஆறு பள்ளிகள் வரை எழுதலாம். நீங்கள் எழுதும் வரிசை பள்ளிக்குத் தெரியாது, ஒவ்வொரு பள்ளியும் உங்களைத் தன் விதிப்படி மட்டும் வரிசைப்படுத்தும், பிறகு கணினி உங்களுக்குக் கிடைக்கக்கூடியவற்றில் உங்கள் பட்டியலில் மேலே இருப்பதைத் தரும். ஒரே பள்ளியை எழுதிவிட்டு "வேறு வழியில்லாமல் தந்துதான் ஆக வேண்டும்" என்று இருப்பவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அந்தத் தந்திரம் பலிக்காது. எழுதிய பள்ளி கிடைக்காவிட்டால் எங்கே காலி இருக்கிறதோ அங்கே போடுவார்கள், அந்த ஒரு மைல் தள்ளிய சீட் பல சமயம் இப்படி வந்ததுதான்.

பெருக்கமும் வற்றலும்

இந்த எண்களைப் பாருங்கள். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து 2001-இல் பிறந்த குழந்தைகள் சுமார் 5,94,600. 2012-இல் சுமார் 7,29,700. 2023-இல் சுமார் 5,91,000. இருபத்திரண்டு ஆண்டுக்குள் ஒரு மலை ஏறி இறங்கியாகிவிட்டது.

ஏறும்போது என்ன ஆனது? 2001 பக்கம் இருந்த குறைந்த எண்ணிக்கையைப் பார்த்து, காலி இடம் வீண் செலவு என்று அந்தக் காலத்தில் பல கவுன்சில்கள் இடங்களைக் குறைத்திருந்தன. பிறகு 2008-லிருந்து பிள்ளைகள் வரத் தொடங்கியதும் திணறல். அப்போது பிறந்ததுதான் பல்ஜ் கிளாஸ் என்ற ஏற்பாடு. 60 பேர் சேர்க்கும் பள்ளியில் அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் இன்னொரு 30 பேரைச் சேர்ப்பது. விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் ஒரு தற்காலிக அறையை இறக்கி, கூடுதல் ஆசிரியரைப் போட்டு, அந்த முப்பது பேரும் ரிசப்ஷனிலிருந்து இயர் 6 வரை ஏழு ஆண்டு அந்தப் பள்ளியில் ஒரு வீக்கம் போல நகர்ந்துகொண்டே போவார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே தம்பி தங்கைகள் வந்து அடுத்த ஆண்டுகளின் தூரக் கணக்கையும் கெடுப்பார்கள். கவுன்சில் அலுவலர்கள் முதலில் கவனிக்கத் தவறிய விஷயங்களில் அதுவும் ஒன்று என்பது என் எண்ணம்.

இப்போது இறக்கம். லண்டனில் இறக்கம் இன்னும் செங்குத்து, பிறப்பு குறைந்ததோடு வீட்டு வாடகையும் சேர்ந்துகொண்டது, இளம் குடும்பங்கள் லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 சாலைக்கு வெளியே போகின்றன, பிரெக்சிட்டுக்குப் பின் ஐரோப்பியக் குடும்பங்கள் சில திரும்பிவிட்டன, கோவிட் காலத்தில் போனவர்களில் பலர் வரவே இல்லை.

காலி இருந்தால் நல்லதுதானே, சின்ன வகுப்பு, பிள்ளைக்கு அதிகக் கவனிப்பு என்று கேட்கலாம். பணம் எப்படி வருகிறது என்று பார்த்தால் அந்த ஆசை போய்விடும். பள்ளிக்கு வரும் பணத்தின் பெரும்பகுதி தலைக்கு இவ்வளவு என்று வருகிறது, அக்டோபர் முதல் வியாழக்கிழமை எடுக்கும் கணக்கில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அதை வைத்து அடுத்த ஆண்டு நிதி. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்குத் தோராயமாக 5,000 பவுண்ட் என்று வைத்துக்கொள்வோம். 60 பேர் சேர வேண்டிய வகுப்பில் 44 பேர்தான் வந்தார்கள் என்றால் 80,000 பவுண்ட் குறைகிறது. செலவு குறைகிறதா? 44 பேரை ஒரே வகுப்பில் போட முடியாது, 30 பேர் விதி இருக்கிறது. ஆகவே 22 பேராக இரண்டு வகுப்பு, இரண்டு ஆசிரியர், இரண்டு உதவியாளர், அதே ஹீட்டிங், அதே கூரை. இது ஏழு வகுப்புக்கும் பரவினால் எந்தப் பள்ளியாலும் தாக்குப்பிடிக்க முடியாது. அக்டோபர் கணக்குக்குப் பிறகு நடக்கும் ஒரு கவர்னர்கள் (பள்ளி நிர்வாகக் குழுவினர்) கூட்டத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள், பாடத்திட்டம் பற்றிப் பேச அரை மணி நேரம் ஒதுக்கியிருப்பார்கள், இரண்டு பிள்ளைகள் வேறு பள்ளிக்கு மாறிய செய்தி அந்த அரை மணியையும் தின்றுவிடும். முதலில் உதவியாளர்கள் போவார்கள், பிறகு இசை ஆசிரியர், பிறகு இயர் 3-யும் இயர் 4-யும் ஒரே வகுப்பாகும்.

கவுன்சில் முதலில் செய்வது சேர்க்கை எண்ணை 60-லிருந்து 30-ஆகக் குறைப்பது. அதுவும் போதாவிட்டால் இரண்டு பள்ளிகளை இணைப்பது, கடைசியில் மூடுவது. லண்டனின் ஹாக்னியில் 2024 கோடையோடு டி போவா, ரேண்டல் கிரீமர் என்ற இரண்டு ஆரம்பப் பள்ளிகள் மூடப்பட்டன, வேறு நான்கு பள்ளிகள் இரண்டாக இணைக்கப்பட்டன. பெற்றோர் போராடினார்கள், பேனர் கட்டினார்கள். பிள்ளை எண்ணிக்கை மாறவில்லை.

கொஞ்சம் காலி இருக்கத்தான் வேண்டும். ஆண்டின் நடுவே மாறிவரும் குடும்பத்துக்கு எங்கே சீட் தருவது? எல்லாப் பள்ளியும் நிரம்பியிருந்தால் பெற்றோருக்குத் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது? இருபதில் ஒரு இடம் காலியாக இருப்பது ஆரோக்கியம் என்பது இந்தத் துறையில் வழக்கமாகச் சொல்வது. இருபதில் நான்கு ஐந்து காலியானால்தான் பிரச்சினை.

கவுன்சிலின் கை எங்கே கட்டப்பட்டது

பழைய ஏற்பாட்டில் ஊரின் பெரும்பாலான பள்ளிகள் கவுன்சிலின் பிடியில் இருந்தன. 1988 சட்டம் பணத்தைப் பள்ளிகளின் கையில் கொடுத்தது. 1998 சட்டம் வேறு திசையில் போனது, ஒவ்வொரு கவுன்சிலும் இடங்களுக்கு ஒரு திட்டம், தரத்துக்கு ஒரு திட்டம் என்று எழுதித் தர வேண்டும் என்றது. தடித்தடியான கோப்புகள் வந்தன. பிறகு குழந்தைகள் நலம் முழுவதற்கும் ஒரே திட்டம் என்று அவற்றை மாற்றினார்கள், 2010-க்குப் பிறகு அந்தக் கட்டாயமும் போனது. இன்று பல கவுன்சில்கள் தாங்களாகவே ஒரு பள்ளி இடத் திட்ட ஆவணத்தை வெளியிடுகின்றன, பெயர் ஊருக்கு ஊர் வேறு.

பெரிய திருப்பம் 2010-இல் வந்த அகாடமிகள் சட்டம். அகாடமி என்றால் அரசுப் பணத்தில் நடக்கும் இலவசப் பள்ளிதான், ஆனால் கவுன்சிலுக்குக் கீழே வராது. ஓர் அறக்கட்டளை நடத்தும், நேரடியாகக் கல்வித் துறையோடு ஒப்பந்தம். இன்று இங்கிலாந்தின் மேல்நிலைப் பள்ளிகளில் ஐந்தில் நான்குக்கு மேல் அகாடமிகள். 2011 முதல் ஃப்ரீ ஸ்கூல் என்ற புது வகை அகாடமி வேறு, கவுன்சில் கேட்காத இடத்திலும் திறந்தன.

இதன் விளைவைப் பாருங்கள். கவுன்சில் பள்ளியின் சேர்க்கை எண்ணைக் கவுன்சில் குறைக்கலாம். பக்கத்துத் தெருவில் பேர்பெற்ற அகாடமி தன் எண்ணை 60-லிருந்து 90-ஆகக் கூட்டினால் கவுன்சிலால் தடுக்க முடியாத நிலை. அகாடமியை மூடவும் முடியாது, ஆண்டின் நடுவே வரும் பிள்ளையைச் சேர்க்கச் சொல்லி நேரடியாக உத்தரவிடவும் முடியாது, கல்வி அமைச்சரிடம்தான் கேட்க வேண்டும். புதுப் பள்ளி தேவைப்பட்டால் அது முதலில் அகாடமியாகத்தான் இருக்க வேண்டும் என்று 2011-இல் விதி வந்தது. ஆக ஊரில் பிள்ளைகள் குறைந்தால் மூடும் பட்டியலில் முதலில் வருவது கவுன்சில் பள்ளிகள், அவை மோசமானவை என்பதால் அப்படி நடப்பதில்லை, கவுன்சிலால் மூட முடிவது அவற்றை மட்டும்தான். எனக்கு இது சுத்த அநியாயமாகப் படுகிறது. அகாடமிகளை நம்புகிறவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள்: பெற்றோர் விரும்பும் பள்ளி வளரட்டும், விரும்பாதது சுருங்கட்டும் என்று. 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்த பள்ளிகள் மசோதா இந்த முடிச்சுகளில் சிலவற்றை, குறிப்பாகப் புதுப் பள்ளி விதியையும் சேர்க்கை எண் விவகாரத்தையும், தளர்த்தும் நோக்கத்தோடு எழுதப்பட்டது.

தரத்தை உயர்த்துவது: டவர் ஹாம்லெட்ஸ் செய்தது

இரண்டாவது கடமைக்கு ஓர் ஊரை எடுத்துக்கொள்கிறேன். கிழக்கு லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ், 1997-இல் தேர்வு முடிவுகளில் இங்கிலாந்தில் கல்விப் பொறுப்புள்ள 149 கவுன்சில்களில் 149-வது இடம். ஏழைப் பகுதி, பிள்ளைகளில் பெரும்பான்மை வங்காளதேசக் குடும்பங்கள், வீட்டில் ஆங்கிலம் இல்லை. "இந்தப் பிள்ளைகளிடமிருந்து இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது" என்று அப்போது பள்ளிக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு கல்வி இயக்குநராக வந்த கிறிஸ்டின் கில்பர்ட் அதை ஏற்கவில்லை.

பெரிய மந்திரம் எதுவும் இல்லை. ஒவ்வொரு பள்ளிக்கும் எட்ட முடியாதது போலத் தெரிகிற இலக்கு வைத்தார்கள். தன்னைப் போன்ற பிள்ளைகள் படிக்கும் மற்ற பள்ளிகள் என்ன மதிப்பெண் எடுக்கின்றன என்ற புள்ளிவிவரத்தைத் தலைமை ஆசிரியர்களின் மேசையில் வைத்தார்கள், சாக்குச் சொல்ல இடம் குறைந்தது. பலவீனமான தலைமையை மாற்றினார்கள். பள்ளி நாட்களில் மாதக்கணக்கில் வங்காளதேசம் போய்விடும் பழக்கம் வருகையைக் கெடுத்தது, அதற்குப் பள்ளிவாசல்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். கடிதம் போட்டு மிரட்டுவதை விட, தொழுகைக்கு வந்த அப்பாவிடம் இமாம் சொல்வது எடுபடும் என்று தெரிந்துவைத்திருந்தார்கள். அந்தப் பகுதி மக்களையே பள்ளி வேலைகளுக்கு எடுத்தார்கள். தலைக்கு வரும் நிதியும் அங்கே நாட்டிலேயே அதிகமான இடங்களில் ஒன்று, அதையும் மறைக்கக் கூடாது. 2010-களின் தொடக்கத்தில் அந்தப் பரோவின் முடிவுகள் தேசிய சராசரியைத் தாண்டின.

இதே காலத்தில் 2003 முதல் 2011 வரை லண்டன் சேலஞ்ச் என்ற அரசுத் திட்டமும் ஓடியது, கல்வியாளர் டிம் பிரிகவுஸ் அதன் முகமாக இருந்தார். ஒத்த நிலையில் உள்ள பள்ளிகளைக் குடும்பம் குடும்பமாகச் சேர்த்து, நன்றாகச் செய்யும் பள்ளி தடுமாறும் பள்ளிக்குக் கைகொடுக்க வைத்தார்கள்.

இன்று உங்கள் கவுன்சில் என்ன செய்யும்? தனக்குக் கீழே உள்ள பள்ளிக்கு ஆலோசகர் ஒருவரை அனுப்பும், பெரும்பாலும் முன்னாள் தலைமை ஆசிரியர். அவர் வகுப்புகளைப் பார்ப்பார், புத்தகங்களைப் புரட்டுவார், எந்தப் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்று கேட்பார். நிலைமை மோசமானால் எச்சரிக்கை அறிவிப்பு, அதன் பின் கவர்னர்கள் குழுவையே நீக்கி இடைக்கால நிர்வாகக் குழு போடுவது வரை 2006 சட்டம் இடம் தருகிறது. அகாடமி என்றால் கவலையைக் கல்வித் துறையின் மண்டல இயக்குநரிடம் சொல்லலாம், அவ்வளவுதான். இந்த ஆலோசகர்களுக்கென்று கவுன்சிலுக்கு வந்துகொண்டிருந்த தனி மானியம் 2022-இல் பாதியாகி, 2023-இல் நின்றுபோனது. பல ஊர்களில் ஆலோசகர் வருவது நின்றுபோய், பள்ளிகளைச் சோதிக்கும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டின் ஆய்வாளர்கள் வந்து சொன்ன பிறகுதான் பள்ளியில் சிக்கல் என்று கவுன்சிலுக்கே தெரிகிறது.

சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகள்

இது தனிக் கட்டுரைக்குரியது, ஆனாலும் திட்டமிடலின் கழுத்தை நெரிப்பது இன்று இதுதான் என்பதால் சொல்லாமல் விட முடியாது. கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைக்கு இ.எச்.சி.பி. என்ற சட்டப்படியான திட்டம் தரப்படும். 2015 ஜனவரியில் இங்கிலாந்தில் இதுவோ இதற்கு முந்தைய ஆவணமோ இருந்தவர்கள் சுமார் 2.4 லட்சம், 2025 ஜனவரியில் சுமார் 6.39 லட்சம். விண்ணப்பித்து 20 வாரத்தில் முடிக்க வேண்டும் என்பது விதி, பல ஊர்களில் அது காகிதத்தில்தான்.

மொத்தப் பிள்ளைகள் குறைகிறார்கள், சிறப்புப் பள்ளி கேட்கும் பிள்ளைகள் கூடுகிறார்கள். அரசுச் சிறப்புப் பள்ளிகள் நிரம்பிவிட்டதால் தனியார் சிறப்புப் பள்ளிக்கு அனுப்பினால் செலவு இரண்டு மடங்குக்கு மேல், அதோடு தினமும் டாக்சிச் செலவு. கவுன்சில் மறுத்தால் பெற்றோர் தீர்ப்பாயத்துக்குப் போகிறார்கள், தீர்ப்புக்கு வரும் வழக்குகளில் மிகப் பெரும்பாலானவை பெற்றோர் பக்கமே முடிகின்றன. இந்தச் செலவால் ஏறும் கடனில் பல கவுன்சில்கள் திவாலாகாமல் இருப்பதே, அந்தக் கடனைப் பிரதான கணக்கில் காட்ட வேண்டாம் என்று அரசு 2028 மார்ச் வரை தந்திருக்கும் விலக்கால்தான். புத்திசாலிக் கவுன்சில்கள் காலியான ஆரம்பப் பள்ளி வகுப்பறைகளைச் சிறப்புப் பிரிவுகளாக மாற்றுகின்றன. எனக்குத் தெரிந்து இந்த மொத்த விவகாரத்திலும் இரண்டு பிரச்சினைகள் ஒன்றையொன்று தீர்க்கும் ஒரே இடம் இது. நம்மவர்களில் சிலர் பிள்ளைக்கு இந்த ஆவணம் வாங்கினால் பெயர் கெட்டுவிடும் என்று தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம், அதில் ஒரு பள்ளியின் பெயர் எழுதப்பட்டால் அகாடமியாக இருந்தாலும் அந்தப் பள்ளி சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும்.

நீங்கள் எதைப் பார்க்க வேண்டும்

வீடு வாங்குவதற்கோ வாடகைக்குப் போவதற்கோ முன், அந்தக் கவுன்சிலின் இணையதளத்தில் மூன்றைத் தேடுங்கள். கடந்த சில ஆண்டுகளில் ஒவ்வொரு பள்ளியிலும் கடைசி சீட் எந்தத் தூரம் வரை போனது என்ற அட்டவணை; ஓர் ஆண்டை மட்டும் பார்த்து ஏமாறாமல் மூன்று நான்கு ஆண்டைப் பாருங்கள். அடுத்து, திட்டப் பகுதிவாரியான பிள்ளைக் கணிப்பு, உங்கள் பகுதியில் ரிசப்ஷன் எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா என்று அதிலேயே தெரியும். மூன்றாவது, நீங்கள் கண் வைத்திருக்கும் பள்ளியின் சேர்க்கை எண்ணையும் உண்மையில் அங்கே இருக்கும் பிள்ளைகளையும் ஒப்பிடுங்கள். 60 என்று போட்டு 35 பேர் இருந்தால் சீட் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் இரண்டு ஆண்டு கழித்து அந்தப் பள்ளி இணைப்புப் பட்டியலில் வரலாம்.

மூடவோ இணைக்கவோ முடிவெடுக்கும் முன் கவுன்சில் மக்களிடம் கருத்துக் கேட்கும், பிறகு முறையான அறிவிப்பு வெளியிட்டு நான்கு வாரம் ஆட்சேபங்களைப் பெறும். "எங்கள் பள்ளி எங்களுக்கு உயிர்" என்று ஆயிரம் பேர் கையெழுத்துப் போட்ட மனு கவுன்சிலர்களுக்குச் சங்கடம் தரும், கணக்கை அசைக்காது. அசைக்கக்கூடியவை வேறு: கணிப்பில் விட்டுப்போன ஒரு வீட்டுத் திட்டம், மாற்றுப் பள்ளிக்குப் போகும் வழியில் கடக்க வேண்டிய பெரிய சாலை, அந்தப் பள்ளியில் மட்டும் இருக்கும் ஆட்டிசப் பிரிவு, எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நடைதூரம் இரண்டு மைலைத் தாண்டினால் கவுன்சிலே தர வேண்டியிருக்கும் போக்குவரத்துச் செலவு. கணிப்பு எந்த ஆண்டின் எண்களை வைத்துப் போடப்பட்டது என்று முதலில் கேளுங்கள். பழைய எண் என்றால் புதியதை வைத்துத் திரும்பப் போட்டுக் காட்டச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், பதிலும் எழுத்தில் வரும், முடிவெடுக்கும் கூட்டத்தின் ஆவணங்களோடு அதுவும் சேரும்.